விளக்குக்கு வேறு, வண்டிக்கு வேறு

மலாக்காவின் காஜா பெராங்கில் வெறுமனே பொன்னுதுரை என்று விசாரித்தால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். பேட்டரி பொன்னுதுரை என்று கேட்டால் போதும், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். தார் போட்ட சடக்கோரம் தகரக் கூரை போட்ட ஒற்றைக் கொட்டகை அது. வாடகைக் கார்களின் பேட்டரிகளும், மின்சாரம் இன்னும் போய்ச் சேராத கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீடுகளின் ரேடியோ பேட்டரிகளும் பலகை மேல் வரிசையாக உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் தொண்டையைக் கவ்வும் புளித்த வாடை. அந்த மனிதரின் சட்டையில் பொத்தல் இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அமிலம் சட்டையைத் தின்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவள் அவர் மனைவி அஞ்சலைதான்.

அவரிடம் ஊரே கேலி செய்யும் ஒரு குணம் இருந்தது. எதற்கெடுத்தாலும் நன்றி பாராட்டுவார். பக்கத்துக் கம்பத்து ஆட்களோடு மலாயில் பேசும்போது வாய்க்கு வாய் "தெரிமா காசே" என்பார். தமிழில்தான் சங்கடம். நன்றி என்பது மேடையில் மாலை போட்டுக்கொண்டு பேசுகிறவர்களின் சொல். கடைத்தெருவில் ஒருவரிடம் அதைச் சொன்னால், இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். அதனால் தமிழர்களிடம் அவர் கையால்தான் நன்றி சொல்வார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தவர் வீட்டு ரேடியோ, கேட்காமலே பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வரும். மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர் காருக்குப் புது வயர் கிடைக்கும். இந்த மனிதருக்கு யாரும் நல்லது செய்துவிடக் கூடாது, பதிலுக்குச் செய்தே நம்மை மூச்சுத் திணற வைத்துவிடுவார் என்று அண்டை வீட்டு விஜயா சொல்லிச் சிரிப்பாள்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் போட ஆள் பிடித்தபோது அவரும் அவர் அண்ணனும் ஒரே லாரியில் ஏற்றப்பட்டார்கள். பாதி வழியில் லாரி நின்றுவிட்டது. உங்களில் யாருக்காவது பேட்டரி வேலை தெரியுமா என்று கேட்டார்கள். தோட்டத்து மேனேஜர் வீட்டுக் காரைக் கழுவும்போது பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. தெரியும் என்று கையைத் தூக்கிவிட்டார். அவரை ராணுவப் பட்டறையில் இறக்கிவிட்டு லாரி அண்ணனோடு போய்விட்டது. அண்ணன் திரும்பி வரவேயில்லை. பட்டறையில் அடியும் உதையும் வாங்கித்தான் தொழிலைக் கற்றார் என்றாலும், அன்று முதல் பேட்டரி அவருக்கு ஒரு சாமானாகத் தெரியவில்லை. தன்னை உயிரோடு வைத்த ஒன்றாகவே தெரிந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. அந்தக் குறையையும் அவர் யார் மேலும் சாட்டவில்லை. மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் அஞ்சலை முழுகாமல் இருந்தாள். பொன்னுதுரைக்கு நன்றி சொல்ல ஆள் போதவில்லை. கோயிலுக்கும் போனார், மருந்து கொடுத்த சீன வைத்தியருக்கும் ஒரு டார்ச் லைட்டைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த நாட்களில் ஒரு மாலை அழகம்மை ஆச்சி அவர் கொட்டகைக்கு வந்தார். ஆச்சி செட்டிநாட்டுக் குடும்பம், ஊரில் பழைய குடி. ஐம்பது வயதிருக்கும். கணவர் போனபிறகு காரியங்களைத் தானே பார்த்துக்கொண்டவர். ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பிரசவ வலியில் துடித்த பெண்ணைக் கதவுப் பலகையில் படுக்க வைத்து மழையில் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. நாலு பேரைச் சேர்த்து ஒரு சபை வைத்து, பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் விசை போகும் காடி, சேற்றுக்குப் பயப்படாது. தோட்டங்களுக்கே போய் வைத்தியம் பார்க்க, அதன் பின்னால் இழுத்துப் போகும்படி பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கேரவன் செய்தாயிற்று. உள்ளே ஒரு கட்டில், மருந்துப் பெட்டி, கழுவும் தொட்டி. இனி வெளிச்சம்தான் வேண்டும்.

"உன்னைத்தான் கேக்க வந்தேன்," என்றார் ஆச்சி. "உள்ளாற நாலு விளக்கு எரியணும். பட்டப்பகல் மாதிரி இருக்கணும். ஒரு காத்தாடியும் போடணும்."

"ஆச்சி, டவுன்ல பெரிய பட்டறைங்க இருக்கு. அவங்க செஞ்சா இன்னும் நல்லா செய்வாங்க."

"அவங்ககிட்ட எங்க வீட்டுக் காடியக் கொடுத்தா நாளைக்கு நாளைக்குன்னு மாசத்த ஓட்டுறாங்க. நீ ரேடியோ பேட்டரிய வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை குடுக்குற. எனக்கு அந்த ஆளுதான் வேணும்."

பொன்னுதுரை வேலையை ஏற்றுக்கொண்டார். வாழ்க்கையில் யாரும் அவரைத் தேடி வந்து இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை. அஞ்சலையிடம் போய்ச் சொன்னார். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இது வர்ற நேரம்," என்றாள்.

வேலையில் மனிதர் ஊறிப்போனார். லேண்ட் ரோவரின் முன்னால் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருந்தது, எஞ்சினைக் கிளப்ப. கேரவனின் கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு பெரிய பேட்டரிகளை மரப்பெட்டி செய்து உட்கார வைத்தார். விரல் கனத்துக்குச் செம்புக் கம்பி போட்டு மூன்றையும் ஒன்றாக இணைத்தார், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். காடி ஓடும்போது டைனமோ மூன்றுக்கும் சேர்த்துத் தீனி போடும். நின்ற இடத்தில் மூன்றும் சேர்ந்து விளக்குக்குத் தீனி போடும். ஒரே பானையில் சமைத்து எல்லாரும் சாப்பிடுகிற குடும்பம் மாதிரி என்று அவருக்கு ஒரே பெருமை. பானை காலியானால் எல்லாரும் சேர்ந்து பட்டினி என்பது அவருக்குத் தெரியாததல்ல. யார் வேண்டுமென்றே அவ்வளவு நேரம் விளக்கை எரியவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸில் விநாயகர் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. மாவிலைத் தோரணம் கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் இட்டு, லேண்ட் ரோவர் புது மாப்பிள்ளையாக நின்றது. கற்பூரம் காட்டும் நேரத்தில் ஆச்சி சைகை செய்ய, பொன்னுதுரை ஸ்விட்சைப் போட்டார். கேரவனுக்குள் நாலு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள்.

பொன்னுதுரை ஸ்விட்சின் மேல் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. சாமி முன்னால் ஏற்றிய விளக்கு. அதைத் தன் கையால் அணைப்பதா? வீட்டில் சாமி விளக்கை ஊதி அணைத்ததற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருந்தது. இது எண்ணெய் விளக்கு இல்லை, வெறும் மின்சார பல்பு என்று அறிவு சொன்னது. கை கேட்கவில்லை. சரி, கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பாடு என்றால் செட்டிநாட்டுச் சாப்பாடு. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. பிறகு தாம்பூலம், பிறகு பேச்சு. வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து டிரைவர் தியாகு ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினான். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். இன்னொரு முறை அழுத்தினான், அந்தச் சின்னச் சத்தமும் வரவில்லை. கேரவனுக்குள் நாலு விளக்கும் மஞ்சள் பூசிய மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. முன்னால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியோ, பழைய காடி வாங்கியபோதே இல்லை.

அதே தெருவில் கொஞ்சம் தள்ளித்தான் கம்பம் கிளிங் பள்ளிவாசல். தொழுகைக்கு ஆட்கள் வரும் நேரம். தெருவோ குறுகல். நடுவில் காடியும் கேரவனும் மாலையும் தோரணமுமாக அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வேட்டி கட்டிய ஐந்தாறு பேர் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. தொழ வந்த மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார்கள். கேரவனைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி, காடியைத் தெருக்கோடி வரை தள்ளி, அது ஒரு உறுமல் உறுமிக் கிளம்பியபோது எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. பொன்னுதுரை ஒவ்வொருவர் கையையும் பிடித்து "தெரிமா காசே, தெரிமா காசே" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

சபைக் காரியதரிசி கலியாணசுந்தரம் ஒரு பாங்கியில் குமாஸ்தா. பொல்லாதவர் என்று சொல்ல முடியாது, ஆனால் பயந்தவர். "ஆச்சி, பூஜை போட்ட இடத்துலயே படுத்துடுச்சு. நாளைக்குத் தோட்டத்துல நோயாளிய வச்சிக்கிட்டு இப்படி நின்னா நாம என்ன பதில் சொல்றது? வேலையப் பெரிய பட்டறைக்கே குடுத்துடுவோம்," என்றார்.

பொன்னுதுரை தலை குனிந்து நின்றார். காரியதரிசி சொல்வதில் தப்பு என்ன இருக்கிறது?

"விளக்க அணைக்க வேணாம்னு சொன்னது நான்," என்றார் ஆச்சி. "சாமி முன்னால ஏத்துனத அணைக்காதேன்னேன். பெரியவ சொன்னான்னு அந்தத் தம்பி விட்டுட்டாரு. அதுக்கு அவர எதுக்குச் சொல்றீங்க?"

ஆச்சி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொன்னுதுரைக்குத் தெரியும், ஆச்சிக்கும் தெரியும். கோயில் வாசலில், பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க, தனக்காக ஒரு பொய் சொல்லப்பட்டுவிட்டது. சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"தப்பு என் மேலயும் இருக்குங்க சார்," என்றார் கலியாணசுந்தரத்திடம். "மூணையும் ஒண்ணா கட்டுனது நாந்தான். விளக்குக்கு வேற, காடிக்கு வேறன்னு பிரிச்சிருக்கணும். ஒரு வாரம் குடுங்க."

"குடுத்தாச்சு," என்றார் ஆச்சி, காரியதரிசி வாயைத் திறப்பதற்குள். பிறகு பொன்னுதுரையைப் பார்த்து, "நல்ல வேளை, இங்க படுத்துச்சு. தள்ளிவிட இத்தனை பேரு இருந்தாங்க. பிள்ளையார் சோதிச்சுப் பாத்து அனுப்புறாரு," என்றார்.

அந்த வாரம் முழுவதும் பொன்னுதுரை வேறு வேலை தொடவில்லை. கேரவனின் முன்புறச் சுவரில், வெளியே, தகர மூடி போட்ட ஒரு பெட்டி செய்து அதில் கத்தி மாதிரி மேலும் கீழும் போகும் பிடி வைத்த கனத்த ஸ்விட்ச் ஒன்றை வைத்தார். பிடியை இறக்கினால் மூன்று பேட்டரியும் ஒன்று சேரும். தூக்கினால் முன்னால் இருப்பது தனி, பின்னால் இருப்பவை தனி. காடி ஓடும்போது இறக்கு, எஞ்சினை நிறுத்தும்போது தூக்கு. பின்னால் விளக்கு எரிந்து எரிந்து செத்தாலும் முன்னால் இருப்பதை யாரும் தொட முடியாது. இதைத் தியாகுவுக்குச் சொன்னார், கலியாணசுந்தரத்துக்குச் சொன்னார், பிடிக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டே தெருவில் போனவருக்கெல்லாம் சொன்னார். சாப்பிடும்போது மூன்று டம்ளர்களை வைத்து அஞ்சலைக்கு விளக்கினார். "இந்த ரெண்டு டம்ளர் காலியா இருக்கு, இது ரொம்பி இருக்கு. இப்ப சேத்தா என்ன ஆகும்?" ரொம்பினதும் பாதியாப் போவும் என்று அவள் பதில் சொல்லும்வரை சோற்றில் கை வைக்க விடமாட்டார். பிள்ளைத்தாய்ச்சி, கொட்டாவி விட்டுக்கொண்டு பதில் சொன்னாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். வளையல் போட்டு அஞ்சலையை அவள் அம்மா வந்து கூட்டிப்போனாள். ஆற்றைத் தாண்டி உள்ளே இருக்கிற தோட்டம் அது. ஆங்கிலத்தில் பலகையில் ஏதோ பெயர் எழுதியிருந்தது, ஆனால் தமிழர்கள் அதைக் கம்பிப்பாலத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். கேரவன் மாதத்தில் இரண்டு முறை அங்கே போகும். தியாகு நல்ல பையன், ஆனால் ஞாபகம் குறைவு, பிடியைத் தூக்க மறந்துவிடுவான் என்று காரணம் சொல்லிக்கொண்டு பொன்னுதுரையும் கூடவே ஏறிக்கொள்வார். உண்மைக் காரணம் தியாகுவுக்கும் தெரியும், மிஸ்ஸி கோகிலாவுக்கும் தெரியும். மருத்துவமனையில் நர்சாக இருந்து சபைக்கு வந்தவள் கோகிலா. லயத்துப் பெண்கள் வரிசையில் நிற்கும்போதே, "அண்ணே, போய் அண்ணியப் பாத்துட்டு வாங்க, காடி ஓடிப்போயிடாது," என்று விரட்டுவாள்.

நவம்பர் கடைசியில் அப்படிப் போன ஒரு நாள் காலையிலிருந்தே மழை. பால் வெட்டும் கித்தா மரங்களுக்கு நடுவே வானம் இருண்டு கிடந்தது. வந்து நின்றதும் பொன்னுதுரை பிடியைத் தூக்கிவிட்டார். வெளிச்சமில்லாததால் முதல் நோயாளியிலிருந்தே விளக்குகள் எரிந்தன. மத்தியானத்துக்குப் பிறகு மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அஞ்சலைக்கு வலி கண்டு வெகுநேரமாகிவிட்டது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த வீட்டு மருத்துவச்சி இப்போது கையை விரித்துவிட்டாள்.

அஞ்சலையைத் தூக்கி வந்து கேரவன் கட்டிலில் கிடத்தினார்கள். கோகிலா பார்த்தாள். முகம் மாறியது. வெளியே தலையை நீட்டி, "டவுனுக்குத் தூக்கிட்டுப் போக நேரமில்ல. புள்ள பாதி வழியில இருக்கு. கொடி சுத்தியிருக்கும்போல. இங்கயே ஆகட்டும், அப்புறம் போவோம்," என்றாள். தியாகுவிடம், "நீ ஆபீசுக்கு ஓடு. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி ஆள ரெடியா இருக்கச் சொல்லு," என்றாள். அவன் சேற்றில் ஓடினான். "எஞ்சின் கிஞ்சின் எதுவும் போடாதீங்க. புள்ளையோட நாடியக் கேக்கணும், இந்த மழைச் சத்தமே பெரும்பாடு." கதவு சாத்திக்கொண்டது.

பொன்னுதுரை மழையில், ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வேறு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை அலறினாள். ஒன்பது வருஷமாக இந்த ஒரு நாளுக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினோம் என்று நினைத்தார். அண்ணனை ஏற்றிக்கொண்டு போன லாரி நினைவுக்கு வந்தது. ஒருத்தரையும் காப்பாற்றிக் கொடுக்காத கை இது என்று தன் கையையே வெறுப்பாகப் பார்த்தார்.

"அண்ணே," என்று உள்ளேயிருந்து கோகிலாவின் குரல். "வெளிச்சம் மங்குது. எனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப வெளிச்சம் வேணும்."

பலகை இடுக்கில் பார்த்தார். நாலு விளக்கும் மஞ்சளாகி, சிவப்பாகிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து எரிந்த இரண்டு பேட்டரியும் காலி. முன்னால் ஒன்று நிறைந்து இருக்கிறது. அவர் கை தானாகச் சிவப்புப் பிடியின் மேல் போனது. இறக்கினால் வெளிச்சம் வரும். அஞ்சலைக்கு இப்போது, இந்த நிமிஷம் வெளிச்சம் வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம், டம்ளர் வைத்துச் சொன்ன பாடம், எல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது. பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து அஞ்சலை கத்தினாள். குரல் கிழிந்திருந்தது. "மொதல்ல காடியக் கெளப்புங்க. கெளப்பிட்டுச் சேருங்க."

அவர் திடுக்கிட்டு நின்றார். பிடியை விட்டார். காலி பேட்டரி இரண்டும் நிறைந்ததை உறிஞ்சியிருக்கும். கொஞ்ச நேரம் வெளிச்சம் வந்திருக்கும், பிறகு விளக்கும் இல்லை, காடியும் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், சேற்றில், தள்ளிவிட ஆளில்லாமல். "மிஸ்ஸி, எஞ்சின் போடுறேன்," என்றார். "போடுங்கண்ணே, இனி நாடி கேக்க ஒண்ணுமில்ல, கண்ணுதான் தெரியணும்," என்றாள் கோகிலா.

ஓடிப்போய்க் காடியில் ஏறி பட்டனை அழுத்தினார். ஒரே அழுத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையைப் பெடலில் அண்டக் கொடுத்து எஞ்சினை உறுமவிட்டு, திரும்பி ஓடிவந்து பிடியை இறக்கினார். பலகை இடுக்கெல்லாம் வெள்ளையாக வெளிச்சம் வெளியே வந்தது. அவர் பெட்டி மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. மழைச் சத்தமும் எஞ்சின் சத்தமும்தான். பிறகு அவை இரண்டையும் கிழித்துக்கொண்டு ஒரு சின்ன அழுகை கேட்டது.

"பொம்பளப் புள்ள," என்றாள் கோகிலா. "கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. அண்ணிக்கு ரத்தம் நிக்கல. கெளம்புங்க."

தியாகு சேறும் சகதியுமாக ஓடி வந்து ஏறினான். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு காடி மேடேறியது. கேரவனுக்குள் நாலு விளக்கும் வழியெல்லாம் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் கோகிலா அஞ்சலையின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே மலாக்கா வரை வந்தாள்.

மருத்துவமனையில் அஞ்சலையை உள்ளே கொண்டுபோய், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. சேதி கேட்டு அழகம்மை ஆச்சி வந்தார். பொன்னுதுரை அவர் காலில் விழுந்தார். எழுப்பினாலும் எழவில்லை.

"ஆச்சி, அன்னிக்குச் சாமி வாசல்ல எனக்காகப் பொய் சொன்னீங்க. நீங்க அந்தப் பொய்யச் சொல்லலன்னா இந்தக் காடிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. இன்னிக்கு அந்தப் பிடிகிட்ட நான் நின்னுருக்க மாட்டேன்."

"பொய்யா?" என்றார் ஆச்சி. "எனக்கும் அணைக்க மனசு வரலப்பா. நீ கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேக்கல, நான் சொல்லல, அவ்வளவுதான். எந்திரி."

அவர் எழுந்தார். நன்றி என்ற அந்த மேடைச் சொல்லையே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் கோகிலா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, அண்ணி தூங்குறாங்க. காலையிலதான் பாக்க விடுவாங்க. காலையில காடி உஜோங் பாசிர் போகணும், அங்க ரெண்டு மாசமா வரச்சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பேட்டரி ரெண்டும் செத்துக் கெடக்கே."

பொன்னுதுரை கேரவனுக்குப் போனார். தரையெல்லாம் ரத்தம். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தன் கையாலேயே கழுவினார். அது அஞ்சலையின் ரத்தம் என்பது பாதி கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, பேட்டரிகளைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டார். நாளைக்கு உஜோங் பாசிரில் யார் வீட்டுப் பெண்ணோ, யாருக்கு என்ன நேரமோ.

விடிந்ததும் பேட்டரிகளைத் திரும்ப உட்கார வைத்துக் கம்பிகளை முறுக்கினார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்," என்றான் தியாகு. "கெளம்பட்டும், பாத்துட்டுப் போறேன்," என்றார். தியாகு அழுத்தினான். காடி கிளம்பியது. அது காஜா பெராங் சடக்கில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு நடந்தார்.

அஞ்சலை வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிச் சுருள். புருஷன் ஏன் இவ்வளவு தாமதம் என்று அவள் கேட்கவில்லை. அவர் சட்டையில் புதிதாக விழுந்திருந்த பொத்தல்களைப் பார்த்தாள்.

"காடி கெளம்பிடுச்சா?" என்றாள்.

"கெளம்பிடுச்சு. ஒரே அழுத்துல."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.